மயிலாப்பூர் பழைய வீடும் ஈபி பில்லும்: முதலில் எதைக் கழற்றுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் 1930களில் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, மேலே ஒரு மாடி அறை. தளம் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய பாணி மாடித்தளம். முற்றத்துக்கு மேல் ஃபைபர் ஷீட் போட்டு இருபது வருடம் ஆகிறது. கூடத்தையும் சேர்த்து மூன்று இடத்தில் ஏசி. கோடையில் இரண்டு மாத பில் 1,400 யூனிட்டைத் தொடுகிறது, அப்படியும் மாடி அறையில் ராத்திரி படுக்க முடியவில்லை. தம்பி இடித்து ஃபிளாட் கட்டிவிடலாம் என்கிறார். வீட்டின் முகம் மாறாமல் மின்செலவைக் குறைக்க முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் கட்டடப் பொறியாளன். இருபத்தைந்து வருடமாகப் பெரும்பாலும் இந்த மாதிரி வீடுகளில்தான் வேலை. பிறந்து வளர்ந்ததும் திருவல்லிக்கேணியில் இதே அமைப்புள்ள ஒரு வீட்டில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் வீட்டைச் சூடாக்கியது தாத்தா இல்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்கள். ஃபைபர் ஷீட், சிமெண்ட் பூச்சு, பிளாஸ்டிக் பெயிண்ட், அட்டை வைத்து அடைத்த வென்டிலேட்டர், ஸ்லைடிங் ஜன்னல். ஒவ்வொன்றும் வந்த நேரத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் அதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு மேலே இன்சுலேஷன், ஐந்து நட்சத்திர ஏசி, சோலார் என்று வாங்கிப் போட்டால் காசுதான் கரையும். நான் எப்போதும் கழித்தலை முதலில் செய்வேன். கூட்டல் அப்புறம்.

வெயில் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில் அது கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அதாவது கத்திரி வெயிலில் தெற்குச் சுவருக்கு அநேகமாக வெயிலே கிடையாது. மொத்த அடியையும் வாங்குவது மொட்டை மாடி. அதற்கடுத்து காலையில் கிழக்குச் சுவர், மாலையில் மேற்குச் சுவர். உங்கள் வீடு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு, அதனால் கீழ்த்தளத்தின் நீண்ட சுவர்கள் இரண்டும் வெயிலையே பார்த்ததில்லை. இது பெரிய வரம். தனி பங்களாக்காரர்களுக்கு இது கிடையாது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில்கூட முன்கட்டின் உள்ளறை தாங்கக்கூடியதாக இருக்கும், மாடி அறை அடுப்பாகக் கொதிக்கும். ஒரே வீடு, ஒரே செங்கல். வித்தியாசம் கூரையில் இருக்கிறது.

சரி, முற்றம்.

முற்றம் என்பது வெளிச்சத்துக்காக விட்ட ஓட்டை மட்டும் இல்லை. கூடத்திலும் அடுக்களையிலும் சூடான காற்று மேலே எழும்பி முற்றத்தின் வழியாக வெளியே போகும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கத்திலிருந்தும் கொல்லைப் பக்கத்திலிருந்தும் காற்று உள்ளே வரும். விசிறி இல்லாமலே வீடு மூச்சு விட்டது இதனால்தான். இப்போது உங்கள் தெருவில் இரண்டு பக்கமும் நாலைந்து மாடி ஃபிளாட்டுகள் எழும்பிவிட்டன, கடல்காற்று நேராக ஜன்னலுக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முற்றத்தின் வேலை முன்பைவிட அதிகமாகிவிட்டது. அதைத்தான் மூடி வைத்திருக்கிறீர்கள்.

அதிலும் ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட்டால். கண்ணாடி ஏற்றிய காரை வெயிலில் நிறுத்திவிட்டு மதியம் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும்? அதேதான். வெயில் உள்ளே வந்து தரையையும் சுவரையும் சூடாக்கும், சூடான காற்று வெளியே போக வழி இருக்காது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரு திருட்டு நடந்த பிறகு அப்பா முற்றத்துக்கு ஷீட் போட்டார். முதல் வருடம் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த கோடையில் கூடத்தில் புதிதாக ஒரு விசிறி வந்தது. அதற்கடுத்து ஷீட் அழுக்கேறி மங்கியதும் பகலிலேயே டியூப்லைட். பாட்டி சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் தலை சாய்ப்பதை விட்டுவிட்டு ரேழிக்குப் பாயைக் கொண்டுபோனாள். யாரும் ஷீட்டைச் சந்தேகப்படவே இல்லை. வெயில் அதிகமாகிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டோம்.

அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. திருடன், பூனை, புறா, ஐப்பசி மழை எல்லாமே உண்மைதான். கூரையை உயர்த்துங்கள். இப்போது ஷீட் இருக்கிற மட்டத்தில் கனமான கம்பி கிரில், அதன் மேல் புறா வலை. பாதுகாப்பு அதோடு முடிந்தது. அதற்கு மேலே இரண்டிலிருந்து இரண்டரை அடி இடைவெளி விட்டு இரும்புச் சட்டத்தில் ஒரு சின்ன ஓட்டுக் கூரை. நாலு பக்கமும் திறப்பு. கூரை முற்றத்தின் விளிம்பைத் தாண்டி ஒன்றரை, இரண்டு அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் பெரும்பாலும் உள்ளே வராது. மங்களூர் ஓடு போட்டு நடுவில் நாலைந்து கண்ணாடி ஓடு செருகினால் பகல் வெளிச்சத்துக்கு அது போதும். அந்தக் கூரைத் தண்ணீரை மூலையில் குழாய் வைத்து கிணற்றுக்கு விட்டுவிடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம். உங்கள் வீட்டில் அதற்கான கிணறு தாத்தா காலத்திலேயே தயார்.

இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு ஒரு கோடை முழுக்கப் பாருங்கள். கூடத்து ஏசியைக் கழற்றலாமா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்தது சுவர். 18 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. உங்கள் படத்தில் கீழே மூன்று அடிக்கு உப்பு பூத்து பெயிண்ட் உரிந்து தொங்குகிறது. மேஸ்திரி சிமெண்டில் பூசித் தந்தார், இரண்டு வருடத்தில் மறுபடி உரிந்துவிட்டது என்கிறீர்கள். உரியத்தான் செய்யும். அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கிற அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஓதம் மேலேறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஏறிய ஈரம் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிவிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டன. ஈரம் இன்னும் மேலே ஏறி, எங்கே பூச்சு பலவீனமோ அங்கே உப்போடு வெளியே வருகிறது.

இதற்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. ஏசி செய்கிற வேலையில் ஒரு பகுதி காற்றைக் குளிர்விப்பது என்றால் இன்னொரு பகுதி காற்றிலிருக்கிற ஈரத்தைப் பிழிவது. ஓதம் குடித்த சுவர் உள்ள அறையில் அது பிழியப் பிழிய சுவர் ஈரத்தைத் தந்துகொண்டே இருக்கும். மெஷின் ஓய்வதே இல்லை. ஆகவே கீழ் மூன்று நாலு அடிக்குச் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைச் சில வாரம் சும்மா காயவிட்டு, சுண்ணாம்பில் பூசுங்கள். சாந்தில் சுர்க்கி, அதாவது செங்கல் தூள் சேர்த்தால் ஈரமான இடத்திலும் நன்றாக இறுகும். மேலே சுண்ணாம்பு வெள்ளை. பெயிண்ட் கடைக்காரர் என்ன டப்பாவைக் காட்டினாலும் கீழ்ப்பகுதிக்கு வாங்க வேண்டாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கமாட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிடைப்பார்கள், கொஞ்சம் தேட வேண்டும். செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் இன்னும் இந்த வேலையைச் செய்கிறார்கள். நல்ல சுண்ணாம்புச் சுவர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் குடும்பத்தோடு ஒருநாள் போய் வாருங்கள். தென்னிந்தியாவின் பல ஊர்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். 1996இல் திறந்தது, லாரி பேக்கரின் வடிவமைப்பு. பகல் 12 மணிக்கு உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போது மாடி. இதுதான் பெரிய விஷயம், அவசரப்படக் கூடாத விஷயமும்.

மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் பாதிப் பிழையைத் தவிர்க்கலாம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள். அதற்கு மேல் மெல்லிய சின்னச் செங்கல்லை நிமிர்த்தி, மூலைவாட்டில் வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. மொத்தத்தில் முக்கால் அடிக்குக் குறையாத கனம். இன்று போடுகிற 5 அங்குல கான்கிரீட்டைவிட இது வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும்.

மெதுவாக என்பதைக் கவனியுங்கள். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை தட்டோடு குடித்த வெப்பம் உத்திரத்துக்கு இந்தப் பக்கம் வந்து சேர ராத்திரி எட்டு ஒன்பது ஆகிவிடும். நீங்கள் படுக்கப்போகிற நேரத்தில்தான் கூரை உங்கள் மேல் அனல் வீசத் தொடங்கும். மாடி அறையின் மேற்குச் சுவரும் அப்படியே. 18 அங்குலச் சுவர் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாமதம். ஏசி அறைக் காற்றைக் குளிரவைத்துவிடும், ஆனால் நிறுத்திய பத்தாவது நிமிடம் கூரையும் சுவரும் பழைய வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் இந்த அறைக்கு உள்ளே எந்த மருந்தும் இல்லை. வெயில் கூரையைத் தொடும் முன்பே தடுத்தாக வேண்டும்.

அதில் ஆகக் குறைந்த செலவு வெள்ளை. தட்டோட்டின் சிவப்பும் மழைக்காலத்துப் பாசி காய்ந்த கறுப்பும் வெயிலை அப்படியே விழுங்கும். புதிய வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மாசியில் மாடியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, நீர்த்த சுண்ணாம்பை இரண்டு மூன்று கை அடியுங்கள். சிலர் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் ஃபெவிகால் கலப்பார்கள், அளவோடு என்றால் பரவாயில்லை. வருடா வருடம் செய்ய வேண்டும் என்பதுதான் இதன் குறை. 'கூல் ரூஃப்' பெயிண்ட் என்று வருவது கூடுதல் காலம் உழைக்கும். கான்கிரீட் தளம் என்றால் தாராளமாக அடிக்கச் சொல்வேன். மெட்ராஸ் டெரஸுக்கு அது ஈரத்தை உள்ளே அடைக்காத ரகம்தானா என்று தெரிந்துகொண்டுதான். ரப்பர் மாதிரிப் படலம் உண்டாக்குகிற எதுவும் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நான் பார்த்த ஒரு வீடு. மாடியில் லேசான கசிவு. நீர்ப்புகாத் தளம் போடுகிற ஒரு நிறுவனம் தார் ஷீட்டை உருக்கி மாடி முழுக்க ஒட்டிக் கொடுத்தது. கசிவு நின்றது. நாலு மழைக்காலம் கழித்து உத்திரத்தின் முனைகள் சுவருக்குள்ளேயே சொதசொதவென்று உளுத்துப்போய் நின்றன. மேலிருந்து வந்த தண்ணீர் நின்றது உண்மைதான். ஆனால் சுவர் வழியாகவும், கைப்பிடிச் சுவரின் வெடிப்பு வழியாகவும் தளத்துக்குள் போன ஈரத்துக்குத் திரும்பி வர வழியில்லை. தேக்கு நூறு வருடம் தாங்கும், மூச்சு விட்டால்.

கசிவுக்கு என் வைத்தியம் பழையதுதான். உடைந்த தட்டோட்டை எடுத்துவிட்டு, கீழே ஜல்லித் தளம் பொடிந்த இடத்தை மட்டும் வெட்டி, சுண்ணாம்பு ஜல்லியாலேயே நிரப்பி, தட்டோட்டை மறுபடி பதித்து, சந்துகளைச் சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தால் அடைப்பது. தண்ணீர் வாட்டம் சரியா, வடிகுழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. கசிவில் பாதி அந்தக் குழாய் வாயில்தான் இருக்கும்.

இன்சுலேஷன் பலகை போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடியிருப்புகளுக்கென்று 2018இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு, கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விடும். புதுக் கட்டடத்தில் 2 அங்குல நுரைப் பலகை போட்டால் அந்த அளவுக்குள் சுலபமாக வந்துவிடும். உங்கள் மாடியில் நான் அதைச் செய்ய மாட்டேன். பலகைக்கு மேல் தளம் போட வேண்டும், அந்த எடையை 90 வருட உத்திரம் சுமக்க வேண்டும், மேலும் பலகை ஈரத்தையும் அடைக்கும். அதற்குப் பதில் குடை. சுவர்களின் மேல் மட்டும் கால் ஊன்றிய இரும்புச் சட்டம், அதன் மேல் ஏதாவது ஒரு நிழல். நிழலுக்கும் தளத்துக்கும் நடுவில் காற்று ஓடட்டும். அந்தக் காலத்தில் கோடைக்குக் கீற்றுப் பந்தல் போட்டார்கள். தீப்பிடிக்கிற பயத்தில் இன்று அதை நான் சொல்வதில்லை. ஆனால் யோசனை அதேதான். அந்தக் குடை சோலார் பேனலாக இருந்துவிட்டால் நிழலும் மின்சாரமும் ஒரே செலவில். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மாடி அறையின் மேற்குச் சுவருக்கு வெளியே மூங்கில் தட்டி, அல்லது சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கம்பி வலையில் ஏற்றிய கொடி. சுவரிலேயே கொடியைப் படரவிடாதீர்கள், வேர் சாந்தைத் தின்னும். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் சூடு குறையும், ஆனால் மேலே கசிவோ கரையானோ வந்தால் உத்திரம் உடையும்போதுதான் தெரியும்.

ஜன்னல்களைப் பற்றிக் கொஞ்சம். தெருப் பக்கத்து மர ஜன்னல்களை எடுத்துவிட்டு ஸ்லைடிங் போட்டீர்களே, அதில் எப்போதும் பாதிதான் திறக்கும். இரட்டைக் கதவு மர ஜன்னல் முழுக்கத் திறக்கும். மேல் கதவை மட்டும் திறந்து கீழ்க் கதவை மூடலாம், தெருவில் போகிறவர் எட்டிப்பார்க்க முடியாது, காற்று வரும். பழைய கதவுகள் பரணில் இருந்தால் இறக்குங்கள். இல்லையென்றால் இடித்த வீட்டுத் தேக்கு ஜன்னல்கள் காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். கொசுவலையை உள்பக்கம் தனிச் சட்டத்தில், கழற்றிக் கழுவுகிற மாதிரி மாட்டுங்கள். தூசி ஏறிய வலை காற்றைச் சுவர் மாதிரி நிறுத்திவிடும். கூரையோரம் இருக்கிற வென்டிலேட்டர்களைத் திறந்துவிடுங்கள், 13 அடி உயரக் கூடத்தில் சூடெல்லாம் அங்கேதான் தேங்கி நிற்கிறது. மே மாதத்தில் காலை 9 மணிக்கு மேல் கடல்காற்று வரும்வரை வெயில் படும் பக்கத்து ஜன்னலை மூடிவைத்து, மாலையில் எல்லாவற்றையும் திறந்துவிடுவது பாட்டிமார் பழக்கம். அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. வெட்டிவேர் தட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். காற்று வறண்டு மேற்கிலிருந்து வீசும் முற்பகலில் நன்றாக வேலை செய்யும். கடல்காற்று வந்த பிறகு அது வெறும் வாசனைதான்.

ஏசி. மூன்றை ஒன்றாகக் குறையுங்கள், அதிகம் போனால் இரண்டு. வெயில் படாத உள்ளறை ஒன்றைப் படுக்கையறையாக்கி அதை மட்டும் நன்றாக அடையுங்கள். பழைய கதவின் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, வென்டிலேட்டருக்குத் திறந்து மூடுகிற பலகை, மர ஜன்னலைத் தொடாமல் அதன் உள்பக்கம் தனியாக ஒரு கண்ணாடிச் சட்டம். எல்லாமே நாளைக்குக் கழற்றினால் பழைய வீடு பழையபடி இருக்க வேண்டும், அதுதான் என் கணக்கு. ஏசியை 12 அடி உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று படத்தில் தெரிகிறது. எட்டு அடிக்கு இறக்குங்கள், மேலே இருக்கிற காற்றை யாருக்காகக் குளிர்விக்கிறோம்? 2020லிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. விசிறியையும் ஓடவிட்டு 26, 27இல் வைத்துப் பாருங்கள்.

விசிறிக் கணக்கு பலருக்கும் தெரியாது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற புதுவகை மோட்டார் விசிறி 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம், 60 நாள் என்றால் ஒரு விசிறிக்கு ஒரு பில்லில் 40 யூனிட் மிச்சம். ஆறு விசிறி என்றால் 240 யூனிட். நம் ஊர் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும், ஆரம்ப யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். அதனால் 500க்குக் கீழே வருவதுதான் உண்மையான இலக்கு. இரண்டு விஷயம்: கம்பி நீளமாக வைத்து விசிறியைத் தரையிலிருந்து 9 அடிக்கு இறக்குங்கள், பழைய ரெகுலேட்டரை எடுத்துவிடுங்கள். ரிமோட் பெரியவர்களுக்குப் பிடிக்காது, சுவர் ஸ்விட்சில் வேகம் மாற்றுகிற மாடலாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ரிமோட்டைத் தேடுவதே அம்மாவுக்கு வேலையாகிவிடும்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் வயரிங். மரப்பட்டைக்குள் ஓடுகிற பழைய ரப்பர் வயர், எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் எங்காவது மீதியிருந்தால் அதை மாற்றிவிட்டு, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். சுவரைக் காடி வெட்டி குழாய் புதைக்க விடாதீர்கள், சுண்ணாம்புச் சுவரில் மெஷின் வைத்தால் பாளம் பாளமாகப் பெயரும். வெளிப்படையாகவே மரப்பட்டையில் ஓட்டலாம், பார்க்கவும் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும்.

சோலார் கடைசியில், ஏனென்றால் தேவை குறைந்த பிறகுதான் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தெரியும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி, சென்னை வெயிலில் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட். 3 கிலோவாட் என்றால் ஒரு பில்லுக்கு 700 யூனிட்டுக்குப் பக்கத்தில். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். கூட்டுச் சொத்து வீடுகளில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பக்கத்து ஃபிளாட்டின் நிழல் எத்தனை மணிக்கு மாடியில் விழுகிறது என்று தையிலும் வைகாசியிலும் பாருங்கள். அப்புறம் சட்டம். சோலார் ஆட்கள் மாடியில் கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன் மேல் பேனலை உட்கார வைக்கத்தான் பார்ப்பார்கள். மெட்ராஸ் டெரஸில் அது கூடாது. எடை உத்திரத்தின் நடுவில் விழும், துளை போட்டால் தளம் போச்சு. கால்கள் சுவரின் தலையில் மட்டும் நிற்க வேண்டும். சென்னைக்குக் கட்டட விதிப்படி கணக்கில் எடுக்கும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் தெருத்தெருவாகத் தகரக் கூரைகள் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் வெறும் எண் இல்லை. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கையெழுத்தில்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அனுமதி விஷயம் சின்னது. நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்ட 467 பாரம்பரியக் கட்டடங்களில் உங்கள் வீடும் இருந்தால், முகப்பைத் தொடும் முன் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவை அணுக வேண்டியிருக்கும். பெரும்பாலான குடும்ப வீடுகள் அதில் இல்லை. அது உங்களுக்கு வசதியும்தான், ஆபத்தும்தான்.

தம்பிக்குச் சொல்ல ஒன்றுதான். புது ஃபிளாட்டில் கூரை கான்கிரீட், சுவர் இப்போதிருப்பதில் பாதி கனம்கூட இராது, முற்றம் கிடையாது. அங்கே அறைக்கு ஒரு ஏசி இல்லாமல் இருக்க முடியாது. பணக் கணக்கில் ஃபிளாட் ஜெயிக்கலாம், அது வேறு பேச்சு. மின்செலவைக் காரணம் காட்டி இடிக்க வேண்டாம்.

இப்போது ஐப்பசி. வேலை தொடங்கும் நேரமில்லை, பார்க்கும் நேரம். அடுத்த நல்ல மழை பெய்யும்போதே ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போங்கள். கூரையில் ஈரம் தெரிகிற இடத்தையெல்லாம் வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். மழை விட்டதும் ஏணி போட்டு, உத்திரம் சுவருக்குள் நுழைகிற ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். டொக்கென்று நின்றால் நல்ல மரம், உள்ளே இறங்கினால் அந்த முனைக்குத்தான் முதல் செலவு. எல்லா முனையும் உளுத்துப்போயிருக்காது, ஒன்றிரண்டு இருக்கலாம். அதற்குப் பக்கத்திலேயே இரும்பு கொடுத்துத் தாங்கவைக்கலாம், தளத்தை இடிக்கத் தேவையில்லை. பொங்கல் முடிந்ததும் சுண்ணாம்பை ஊறப்போட்டு முற்றத்துக் கூரையிலிருந்து தொடங்கினால், மாசியில் மாடி வெள்ளை முடித்து, சித்திரை பிறக்கும்போது மாடி அறையில் பாயை விரித்துப் பார்க்கலாம். உத்திர முனைகளின் படம் எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.